பஸ்லான் வாங்கிய மாஸ்க்

கிண்ணியாவில் கடலுக்குப் பயப்படாத ஆள் யார் என்று கேட்டால் பஸ்லானைத்தான் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். என் சாச்சியின் மகளுடைய மகன். காட்டாமல் என்ன செய்வது? பதினெட்டு வருடமாகக் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலடியில் கடலட்டை பிடிக்க இறங்குகிறவன். மற்றச் சுழியோடிகள் தயங்குகிற இடத்தில் இவன் தலைகீழாகப் போய்விடுவான். மேலே வந்து மீசையைத் தடவுகிற தடவலைப் பார்த்தால் கொட்டியாரக் குடாவையே இவன்தான் வெட்டினான் என்று நினைப்பீர்கள்.

ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கண் சரியில்லை. இவனுடைய மூத்தவாப்பா, சொந்தக்காரர் கலியாணம் என்று நினைத்து அடுத்த தெருக் கலியாணத்தில் இருந்து சோறும் தின்று, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து துஆவும் செய்துவிட்டு வந்தவர். வாப்பா, மதிலில் காயப்போட்ட சாரத்துக்கு ஸலாம் சொன்னதை நானே கண்டேன். கண்ணாடி போட்டார்களா? இல்லை. போட்டால் கண் போய்விட்டது என்று ஊர் கதைக்குமாம். சாரத்துக்கு ஸலாம் சொன்னால் ஊர் ஒன்றும் கதைக்காதாக்கும்.

கடைசிக் காலத்தில் வாப்பாவை யாரோ ஒரு கண் முகாமுக்கு இழுத்துப்போய்ச் சோதித்து, கண்ணாடிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். மனிதர் கண்ணாடி செய்யவில்லை. துண்டை மட்டும் காணி உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து அலுமாரியில் வைத்துவிட்டு மௌத்தானார்.

போன வருடம் பஸ்லானின் வண்டவாளம் வெளியே வந்தது. போட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேலே வந்ததும் ஒவ்வொருவனும் தன் பையை எல்லோருக்கும் முன்னால் தட்டில் கொட்ட வேண்டும். பஸ்லான் கொட்டினால் அட்டை பாதி, கல்லுப் பாதி. ஒருநாள் அறுந்த கயிற்றுத் துண்டு ஒன்றும் வந்தது, அட்டை என்று பிடித்தது. மூன்று நாள் பார்த்தான் போட்டுக்காரன் றிப்தி. அவன் பஸ்லானின் ராத்தாவைக் கட்டிய மச்சான். அதனால்தான் மூன்று நாள். வேறு யாருமென்றால் முதல் நாளே. சனிக்கிழமையும் கல்லு வந்தால் இனி இறங்க வேண்டாம், மேலே இருந்து குமிழி பார் என்று சொல்லிவிட்டான். குமிழி பார்ப்பது என்றால், கீழே போனவர்களின் மூச்சுக் குமிழி எங்கே வருகிறதென்று பார்த்துப் போட்டை நகர்த்துவது. காது வெடித்தவர்களுக்கும் கிழவர்களுக்கும் கொடுக்கிற வேலை. பஸ்லானுக்கு அதைவிட மௌத்து மேல்.

வெள்ளிக்கிழமை கடலில்லை. ஜும்ஆ முடிந்த கையோடு, வெள்ளைக்காரர் போகிற உப்புவெளிக் கடைக்குப் புதுச் சுழியோடி மாஸ்க் வாங்கப் புறப்பட்டான். மனைவி ஸல்ஹா ஸ்கூட்டி ஓட்ட, கடலுக்கே பயப்படாத வீரர் பின்னால் இருந்தார். வாப்பாவின் துண்டு சட்டைப் பைக்குள்.

கடையில் துஷாந்தி என்ற பிள்ளை இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாஸ்க் போட ஏலாது, கம்பி இடிக்கிற இடத்தால் தண்ணீர் வரும். நம்பர் போட்ட கண்ணாடியை மாஸ்க்குக்குள்ளேயே, இந்தக் கண்ணுக்கு வேறு அந்தக் கண்ணுக்கு வேறு என்று பூட்டித் தரலாம் என்று விளங்கப்படுத்தியது. இவன் துண்டை நீட்டினான்.

“நானா, இது ஆற்ற துண்டு? வயசுபோன ஆக்கள் கிட்ட வச்சு வாசிக்கிற நம்பர் எல்லோ.”

“எங்கட வாப்பாட. ஒரே ரத்தம்தானே.”

“அப்ப பல்லுக்கட்டும் அவற்றதையோ போடுறீங்கள்?”

ஸல்ஹா சிரிக்கவில்லையாம். ஆனால் எனக்கு இதைச் சொன்னவளே அவள்தான்.

அந்தப் பிள்ளை எதிர்க்கடைப் பலகையை வாசிக்கச் சொன்னது. பலகை எங்கே என்று இவன் கேட்டான். பிறகு ஒவ்வொரு நம்பராகக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பிடித்துப் பார்த்ததில், ஐந்தாவது நம்பரில்தான் எழுத்து தெரிந்தது. அடுத்தது அளவு. வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கையை விட்டாலும் மாஸ்க் விழக்கூடாது. இவனுக்கு விழுந்தது, மூன்று தரம். குற்றம் மீசையில், மயிருக்கு இடையால் காற்றுப் போகிறது. அட்டைக்காக மீசையின் மேல் வரிசையை வழித்தான் பஸ்லான். இவ்வளவுக்கும் பிறகு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே நம்பர் இருப்பது வெளியே தெரியாத கறுப்பு மாஸ்க் இருக்கிறதா என்று.

சனிக்கிழமை அந்தக் கறுப்பு மாஸ்க்கோடு இறங்கினான். கால் மணித்தியாலத்துக்குள் எல்லோருக்கும் முன்னால் மேலே வந்தான். பையைக் கொட்டினான். ஒன்பது அட்டை, ஒரு கல்லும் இல்லை. றிப்தி தோளில் தட்டப் போனான், பஸ்லான் போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், அதுல பள்ளம் ஒண்டு இரிக்கு. அடியே இல்ல.”

“ஓம். கொட்டியாரப் பள்ளம். பொறந்த புள்ளைக்கும் தெரியும்.”

“அதுக்குப் பக்கத்துலயா நாம இவ்வளவு காலமும் எறங்கின?”

“நாங்க பாத்துத்தான் எறங்கின,” என்றான் றிப்தி. “நீங்க எப்படி எறங்கினீங்க?”

 பதினெட்டு வருடமாகப் பஸ்லான் அந்தப் பள்ளத்தைக் கறுத்த மணல் என்றுதான் நினைத்திருக்கிறான். கரையில் வேலிக்கு அந்தப் பக்கம் பாம்பு கிடப்பது தெரியாமல் படுத்து நித்திரை கொண்டவனைப் போன்ற ஒருவனை, அஞ்சாத ஆள் என்று நாங்கள் எல்லோரும் தூக்கி வைத்திருக்கிறோம்.

அன்று அதற்குப் பிறகு அவன் இறங்கவில்லை. ஞாயிறும் திங்களும் இறங்கவில்லை. மாஸ்க் பிழையாம், தேவையில்லாததெல்லாம் காட்டுகிறதாம். பழைய மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போங்களேன் என்று ஸல்ஹா சொன்னாள். பள்ளம் அங்கே இருப்பது தெரிந்த பிறகு அது எப்படி முடியும் என்று கேட்டானாம். அந்தக் குடும்பத்தில் நான் கேட்ட முதல் புத்தியான கதை அது. குமிழி பார்க்கிற இடத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான்.

அங்கே புதுச் சிக்கல். குமிழி தெரிய வேண்டுமே. ஒரு கண்ணாடி செய்து போடுங்கள் என்று ஸல்ஹா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். கண்ணாடி போட்டால் ஊர் கதைக்கும் என்றான்.

இப்போது போய்ப் பாருங்கள். கொட்டியாரக் குடாவில், உச்சி வெயிலில், சட்டையும் தொப்பியும் நனையாமல் ஒரு மனிதன் போட்டில் குந்தியிருப்பான், முகத்தில் அந்தக் கறுப்புச் சுழியோடி மாஸ்க்கோடு. மூக்கு அடைபட்டு வாயால் மூச்சு விடுவான். ஒருவனுடைய குமிழி தவறினாலும் முதலில் சத்தம் போடுகிறவன் அவன்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். மற்றப் போட்டுக்காரர் கையசைத்துச் சிரித்தால், தன் வீரத்தைப் பார்த்து என்று நினைத்து அவனும் கையசைப்பான். மீசையையும் தடவுவான், மிஞ்சியிருக்கிற ஒரு வரிசையை.