முதல் ஒன்பது நாள்

யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வடக்கில் புகையிலைத் தோட்டம் செய்த நமசிவாயத்துக்கு ஒரே மகள், அருந்ததி. பல்கலைக்கழகத்தில் முதலாம் வருஷம், கணிதம். கலியாண வீட்டுக்குப் போனாலும் அவளுடைய கைப்பைக்குள் ஒரு பென்சிலும் துண்டுக் கடுதாசியும் இருக்கும். "உவள் தாலி கட்டேக்கையும் கணக்குத்தான் செய்துகொண்டிருப்பாள்" என்று சொந்தக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். அவளுக்கு அது உள்ளூரப் பெருமைதான்.

தொண்ணூற்றைந்தில் அவளுக்கு வாய்த்தது இரண்டாம் செமெஸ்டர் நுண்கணிதம். எல்லோரும் படிக்கிற சாதாரணப் பாடம் அல்ல, சிறப்புப் பட்டத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கென்று தனியாக நடந்த கடினமான பாடம். பதினேழு பேர் படித்தார்கள். நவம்பர் ஏழாம் திகதி சோதனை. அதில் மேலே வருகிற நாலு பேருக்குத்தான் இடம். நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்திலும் நடுவில் முப்பது பக்கத்தைக் காணவில்லை. ஆகவே பாடம் முழுக்கக் கொப்பியில்தான் இருந்தது. பொருளாதாரத் தடையில் கடுதாசியும் கிடைக்காத காலம் என்பதால், ஒரு வரிக்குள் இரண்டு வரி எழுதினாள்.

முடிவில்லாத தொடர்கள்தான் அந்தப் பாடத்தின் உயிர். எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை ஓரிடத்தில் வந்து நிற்குமா, நில்லாமல் போய்க்கொண்டே இருக்குமா என்று கண்டுபிடிக்க வேண்டும். விரிவுரையாளர் செல்வரட்ணம் கோபக்காரர். யாராவது முதல் பத்து எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு "நிக்கும் சேர்" என்றால், சோக்கட்டியை மேசையில் வைத்துவிடுவார்.

"முதல் ஆயிரத்தைக் கூட்டிப் பாத்தாலும் ஒண்டும் தெரியாது. தொடரின்ரை கதை வாலிலைதான் இருக்கு. உதை எழுதி வையுங்கோ."

அருந்ததி எழுதி வைத்தாள். சிவப்பு மையால் கீழே கோடும் இழுத்தாள். கோடு இழுத்தது உண்மை, அது புத்தியில் ஏறியதா என்பது வேறு கதை.

ஒக்டோபர் நடுவில் இராணுவம் புத்தூர்ப் பக்கமாக முன்னேறத் தொடங்கியது. கோப்பாயிலும் பீரங்கிச் செல் விழ, இருபதாம் திகதி நமசிவாயம் குடும்பத்தோடு நல்லூரில் மச்சாள் வீட்டுக்கு வெளிக்கிட்டார்.

"மூண்டு நாளுக்கு என்னத்துக்குப் பொதி?" என்றார் அவர்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எண்பத்தேழில் ஓடினார்கள், திரும்பி வந்தார்கள். தொண்ணூறில் ஓடினார்கள், அப்போதும் வந்தார்கள். இந்த யூலையில் சண்டிலிப்பாய் ஆட்கள் ஓடி, ஒரு கிழமையில் வந்து தங்கள் வீட்டுக் கதவைத் திறந்தார்கள். ஊர் முழுக்க இதுதான் கணக்கு. கணிதம் படித்த அருந்ததியும் அதையே நம்பி, இரண்டு சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கொப்பிகளை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். நினைக்க நினைக்கக் கோபம்தான் வருகிறது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் யார் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மறுநாள் காலையிலேயே நமசிவாயம் சைக்கிளை எடுத்தார். புகையிலை நாற்று மேடையில் இருந்தது. வெயிலென்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும், மழையென்றால் கிடுகு ஓலையால் மூட வேண்டும். ஒரு நாள் விட்டால் அந்த வருஷப் பயிர் இல்லை. போனார், மத்தியானச் சோற்றுக்கு வந்தார். அடுத்த நாளும் போனார், வந்தார். மூன்றாம் நாள் மனைவி நாகேஸ்வரி அவரைப் பார்த்துக்கொண்டு படலையடியில் நின்றாள். ஐந்தாம் நாள் நிற்கவில்லை. சைக்கிள் சத்தம் கேட்ட பிறகு அடுப்படியில் இருந்து எழும்பினாள். பயமும் பழகிப்போகும், அதுதான் பொல்லாதது. செல் சத்தம் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டக் கேட்டது.

எட்டாம் நாள் அருந்ததி கேட்டாள்.

"அப்பா, நாளைக்கும் எப்பிடியும் போவியள்தானே. பெட்டிக்குள்ளை என்ரை கல்குலஸ் கொப்பி கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறியளே?"

"அதுக்கென்ன பிள்ளை."

ஒன்பதாம் நாள், மழையில் நனையாமல் சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். பழைய முருகன் கலண்டர் தாளால் உறை போட்ட கொப்பி. திறந்தவுடன் அருந்ததியின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு செமெஸ்டர் கொப்பிக்கும் ஒரே கலண்டரில்தான் உறை போட்டிருந்தாள், மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நமசிவாயம் தமிழ்ப் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பவர். ஆங்கிலம் தெரியாது.

"உது முதலாம் செமெஸ்டர், அப்பா."

"ரெண்டும் ஒரே மாதிரிக் கிடந்தது பிள்ளை. மற்றதை நாளைக்கு எடுத்துவாறன்."

அவள் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் திங்கட்கிழமை. விடிய அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்ட சத்தம் அவளுக்கு அரைத் தூக்கத்தில் கேட்டது. எட்டு மணிக்குத் தொடங்கிய செல்லடி ஓயவில்லை. மத்தியானம் சோறு ஆறியது. நாகேஸ்வரி படலையடிக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி போனாள். அருந்ததி முதலாம் செமெஸ்டர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தாள்.

மூன்று மணிபோலப் படலையைத் திறந்துகொண்டு வந்தவர் கோப்பாயில் அவர்களுடைய பக்கத்து வளவுக் கந்தப்பு. உடம்பெல்லாம் சேறு. கையில் ஒரு பொலித்தீன் பை.

"அண்ணை தந்துவிட்டவர். சரியான கொப்பிதானோ எண்டு பிள்ளையைப் பாக்கட்டாம்."

"அவர் எங்கை?" என்றாள் நாகேஸ்வரி.

"நாத்தைக் கிடுகாலை மூடிப்போட்டுப் பின்னாலை வாறன் எண்டவர். அப்ப பன்னிரண்டு மணி இருக்கும். நான் ஒழுங்கையளுக்குள்ளை படுத்துக் கிடந்துதான் வந்தனான். பின்னாலை ஆர் வருகினம் எண்டு பாக்கேலாமல் போச்சு."

அருந்ததி பையைப் பிரித்தாள். கொப்பியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிவப்புக் கோடு இழுத்த பக்கம்தான் முதலில் விரிந்தது.

"சரியான கொப்பியோ?" என்று தாய் கேட்டாள்.

"ஓம் அம்மா."

"அப்ப இனி அவருக்கு அங்கை வேலை இல்லை. ஒன்பது நாளும் வந்த மனுசன். வந்திடுவர்."

அருந்ததி கொப்பியை மூடினாள். எழும்பிப் படலையடிக்குப் போனாள்.

பொழுதுபடுகிற நேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று வந்தது. இராணுவம் கிட்ட வந்துவிட்டதாம், எல்லோரும் உடனே வெளிக்கிட்டுச் செம்மணி தாண்டித் தென்மராட்சிக்கு, சாவகச்சேரிப் பக்கம் போகவேண்டுமாம். மச்சாள் வீட்டார் பத்து நிமிஷத்தில் கதவைப் பூட்டிவிட்டார்கள். அருந்ததி கோப்பாய்ப் பக்கம் ஓடப் பார்த்தாள். தெரு நிறைய அந்தப் பக்கத்திலிருந்துதான் சனம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சைக்கிளாகப் பார்த்தாள். கந்தப்பு அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கொம்மாவைக் கூட்டிக்கொண்டு நட பிள்ளை. தனிய விடாதை."

யார் எங்கே போகிறார்கள் என்று கனபேர் மதிலில் கரியால் எழுதிவிட்டுப் போனார்கள். அருந்ததியும் பின்வளவு அடுப்பில் ஒரு கரித்துண்டு எடுத்துவந்தாள். மச்சாள் வீட்டு மதிலில், தமிழில், தூரத்தில் நின்றே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தாக எழுதினாள்.

"அப்பா, கொப்பி சரி. இனி அங்கை போக வேண்டாம். சாவகச்சேரிக்கு வாங்கோ."

மழை துமிக்கத் தொடங்கியிருந்தது. கரி மழைக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். 'போக வேண்டாம்' என்பதை மட்டும் இன்னொரு முறை அழுத்தி எழுதினாள்.