எட்டில் சும்மா இருந்த இரண்டு

"சும்மா இருக்கிறவனை அப்படியே விட்டால்..." என்று பெரியப்பா ஆரம்பிப்பார், மீதி எனக்கு மறந்துவிட்டது. கடைப் பெயர்ப்பலகைக்கு எல்.இ.டி. விளக்கு பொருத்திப் பிழைப்பவர்களே, அந்த மீதியை நீங்களும் பட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

வெளிநாட்டு வேலையை விட்டுவந்து, மயிலாப்பூரில் ஒரு கார் ஷெட்டில் நான் தொழில் தொடங்கிய புதிது. தொண்ணூறுகளின் கடைசி. முதல் ஆர்டர் தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சியுடையது. பக்கத்துக் கடைக்காரர்கள், அவர் போர்டு எரிவதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். எரியாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு மறுபடி விமானம் ஏற வேண்டியதுதான்.

ஜோசியர் கை வைத்தது

கடைப் பெயர் ஆங்கிலத்தில் எட்டெழுத்து. ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஒரு வரிசை சிவப்பு விளக்கு. அவற்றுக்குக் கரண்ட் கொடுக்கும் 'டிரைவர்' என்ற சர்க்யூட்டிலும், வரிசைக்கு ஒன்றாக, எட்டுச் சேனல். ஜாதகம் பார்த்துச் சேர்த்ததுபோல் பொருந்தியிருந்தது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் எண்கணித ஜோசியர் வந்தார். எட்டு சனி, ஜவுளிக்குச் சுக்கிரனின் ஆறுதான் என்று, ஓர் 'ஏ'வையும் ஒரு 'ஹெச்'சையும் நீக்கிவிட்டார். அண்ணாச்சி போனில் சொன்னார்: "கூட்டத்தான சார் நேரமாகும், ரெண்டு எழுத்தக் கொறைக்கதுக்கு என்ன?"

டேப் சுற்றிய மரியாதை

என் எலக்ட்ரீஷியன் செல்வம், நொச்சிக்குப்பத்துக்காரர். இரண்டு எழுத்தையும் கழற்றி, தொங்கிய கம்பி முனைகளுக்கு அழகாக டேப் சுற்றி ஒதுக்கினார். வீட்டு வயரிங்கில் அதுதான் முறை. ஸ்விட்சைப் போட்டோம். ஆறெழுத்தும் கண்சிமிட்டி, ஒன்றாக அணைந்தன.

ஒரு சேனலில் கரண்ட் ஓடவில்லை என்றால், வரிசை அறுந்துவிட்டது என்று முடிவுகட்டி மொத்தத்தையும் நிறுத்திவிடும் அந்த டிரைவர். காலிச் சேனலைக் கிரவுண்டோடு, அதாவது சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் முனையோடு, இணைத்தால்தான் அதைக் கண்டுகொள்ளாது. இணைத்தோம், ஆறும் எரிந்தன. என் விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் செல்வம் சொன்னார்: "இன்னா சார் இது, ரெண்டு பேரு லீவு போட்டா மொத்த ஆபீசையும் இஸ்த்து மூடுது, கயித்துல கட்டிப் போட்டா சர்தான்னுது."

எண்ணுவதா, விடுவதா

இந்த விந்தையை அவர் அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு முகம் மாறியது. ஜோசியருக்குப் போன் போனது. வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே இருப்பது இருப்பதுதான், ஆகவே எட்டு, என்று தீர்ப்பு வந்தது.

கட்டிப்போட்ட அந்த இரண்டு சேனலும் எதுவும் செய்வதில்லை என்று படம் போட்டு, தமிழிலும் இங்கிலீஷிலும் விளக்கினேன். வாசலில் பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். போர்டை இறக்க ஏணியும் வந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: "அத்துவிட்டா ஆறும் எரியாதுங்கீய, கட்டிப்போட்டா எட்டாயிருது. ஒம்பதுன்னா ஜோசியர் ஒத்துக்கிடுதாராம், உங்களால முடியுமா சார்?"

எங்கேயும் போகாத ஒன்பதாவது கம்பி ஒன்றைச் சேர்த்து, அதையும் கிரவுண்டில் கட்டினேன்.