சதக்கு பண்டாரியின் மூக்கும் ஏழு தண்ணீரும்

"என் நாக்கு பட்டு ஒரு சட்டி அடுப்பை விட்டு எறங்குனதில்ல. இனிமேலும் எறங்காது. மூக்கு ஒண்ணு போதும்யா எனக்கு!"

அக்காள்மடத்துச் சமையல்காரர் சதக்கு பண்டாரி இப்படிப் பிரகடனம் செய்தது ஐம்பதாம் வருடத்து நோன்பில், பள்ளிவாசல் முன்னால், நாற்பது பேர் சாட்சியாக. நோன்பு வைத்துக்கொண்டு பால் கடல்பாசி இனிப்பு காய்ச்சுகிறவர் சீனி பார்ப்பது எப்படி என்று யாரோ கேட்டதற்கு வந்த பதில் அது. நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்றார் பள்ளிவாசல் லெப்பை. அதெல்லாம் மூக்கு சரியில்லாதவர்களுக்கான சலுகை என்று பண்டாரி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த மூக்குக்கு ஊரில் தனி அந்தஸ்து. அதற்கு ஜலதோஷம் பிடித்தால் நாலு பேர் வந்து நலம் விசாரித்தார்கள்.

பார்க்க வேண்டிய காட்சிதான். பாசி கரைந்து பாலோடு சேரும் நேரத்தில் பண்டாரி கண்ணை மூடிக்கொள்வார். ஆவி முகத்தில் படரும். வெளியே வெள்ளை மணல், அதற்கப்பால் வெயிலில் வெளுத்த கடல், உள்ளே வெள்ளைப் பால். பசி மயக்கத்தில் மூன்றும் ஒன்றாகி, தோணி ஒன்று சட்டிக்குள் பாய் விரித்துப் போவதுபோல இருக்கும் அவருக்கு. எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வந்தவராக, "இன்னும் ஒரு கை சீனி" என்பார். சரியாக இருக்கும்.

கடலுக்குள் பாறைத் திட்டான பாரில் பறித்த பாசியை அலசி, மணலில் காயப்போட்டு, மறுபடி அலசுவது மட்டும் அவருடைய மனைவியின் வேலை. அலசுவதில் என்ன பெருமை இருக்கிறது? ஊர் மூக்கைத்தான் புகழ்ந்தது.

போன வருடம் நோன்பு கழிந்த கையோடு அந்த அம்மாள் மௌத்தாகி அடங்கினாள். பிறகு மகள் தாஜுன்னிசாவுக்கும் பாம்பனில் கல்யாணம் முடிந்தது. இப்போது அறுபத்தொன்றாம் வருடம், இருபத்தேழாம் நோன்பு. சம்பந்தி வீட்டுக்குப் பெண் வீட்டிலிருந்து போகிற முதல் பால் கடல்பாசி; அந்த நோன்பில் அவர் காய்ச்சுகிற முதலாவதும் அதுதான். அந்த மாமியார் ஒரு குறையைப் பிடித்தால் மருமகள் பேரன் எடுக்கிறவரை விடமாட்டாள் என்பது பாம்பன் அறிந்த விஷயம். மகள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "அத்தா, பாத்துச் செய்யுங்க."

பண்டாரி கண்ணை மூடினார். ஆவி வந்தது. ஏலக்காய் வந்தது. தோணியும் வந்தது. தாம்பாளத்தில் ஊற்றியது கடற்காற்றில் உறைந்து, தொட்டால் தண்ணீரில் விழுந்த நிலவுபோல நடுங்கியது.

வருடா வருடம் முதல் துண்டு வேலிக்கு அந்தப் பக்கம் லீமாரோஸ் வீட்டுக்குப் போகும். அன்றும் கொண்டுபோனார்.

"பண்டாரியண்ணே, தவக்காலம்ல. ஈஸ்டர் வரைக்கும் இனிப்புத் தொடமாட்டேன்னு மாதாகிட்ட சொல்லிருக்கேன்."

"ஒரு துண்டுக்கு மாதா கோவிச்சுக்கிற மாட்டாக, தங்கச்சி. கொண்டாந்தத அப்படியே திருப்பி அனுப்பாத."

மனம் கேட்காமல் லீமாரோஸ் விரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். யோசித்தாள். முகம் தெளிந்தது.

"நல்லவேளைண்ணே. என் நேர்ச்சை முறியல."

"எப்படி?"

"இதுல இனிப்பு எங்கன இருக்கு? ஒரே உப்பு. பாக் ஜலசந்தியப் பால்ல கரைச்சு வச்சிருக்கீக."

பண்டாரி தாம்பாளத்தை முகர்ந்தார். ஏலக்காய்தான் மணத்தது. உப்புக்கு வாசம் கிடையாது என்ற சிறு தகவல், பதினோரு வருடம் கழித்து அந்த மூக்குக்கு எட்டியது.

"பாசிய எத்தன தண்ணி அலசுனீக?"

"மூணு."

"மதினி ஏழு தண்ணி மாத்தும். கெணத்தடியில நின்னு நான் எண்ணிருக்கேன்."

அசர் பாங்கு கேட்டது. பண்டாரி தொழுதுவிட்டு வந்தார். மிச்சப் பாசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். லீமாரோஸ் தன் வெள்ளாட்டில் பால் கறந்து கொடுத்தாள். ஒன்று, இரண்டு என்று தண்ணீர் மாறியது. நாலாவதில்கூடக் கடல் கொஞ்சம் இருந்திருக்கும். ஏழாவதை ஊற்றும்போது அவர் கை, இன்னொரு கையைப் பின்பற்றுவதுபோல மெதுவாக அசைந்தது.

மறுபடி அடுப்பு, ஆவி, பால். கண்ணை மூடவில்லை.

பாம்பன் போகிற வண்டி வாசலில் நின்றது. பண்டாரி கரண்டியோடு கொல்லைப் பக்கம் போனார். சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் லீமாரோஸுக்குத் திடீரென்று ஆட்டின் காதில் உண்ணி பார்க்க வேண்டியிருந்தது.

நுனி நாக்கில் ஒரு சொட்டு வைத்தார். துப்பினார். மூன்று தடவை வாய் கொப்பளித்தார்.

பிறகு உள்ளே வந்து, இன்னும் ஒரு கை சீனி போட்டார்.