முழுகாத கல்

எழுபதுகளின் தொடக்கம். கலியாணமாகி மயிலிட்டிக் கடற்கரைக்கு நான் வந்த புதிது. அங்கே மணலைவிடக் கல்தான் அதிகம். கடல் வற்றுகிற நேரம் பார்த்து மாதாமாதம் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் வருவார். ஒரு பாறையில் மஞ்சள் பெயின்ற்றால் கட்டம் போட்டிருந்தார். அதற்குள் எந்தச் சிப்பி புதிதாக ஒட்டியிருக்கிறது, எது செத்தது என்று குனிந்து பார்த்துக்கொண்டேயிருப்பார். வருஷக்கணக்காக அதே கட்டம்!

எனக்கு வாய் சும்மா இருக்குமா? எங்கள் பக்கம் பிள்ளைத்தாய்ச்சியை 'முழுகாமல் இருக்கிறா' என்போம்.

"என்ன ரீச்சர், கல்லு முழுகாமல் இருக்கோ? எப்ப பிள்ளைப்பெறு?"

"பொறும். பிறந்தால் உமக்குத்தான் முதல் சொல்லுவன்" என்பார் நிமிராமலே.

உண்மையில் முழுகாமல் இருந்தது நான்தான். மூத்தவள் வயிற்றில். நண்டு தின்ன ஆசை வந்து, ஒன்றைத் துரத்திப் போய்ப் பாசியில் வழுக்கி விழுந்தேன். அந்தக் கட்டத்துப் பாறையின் வெடிப்புக்குள் முழங்கால்வரை கால் இறுகிவிட்டது. இப்போதென்றால் என் கால் எந்த வெடிப்புக்குள்ளும் போகாது, அது வேறு கதை. ரீச்சர் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கடல் பெருகத் தொடங்கிவிட்டது.

"ஐயோ ரீச்சர், என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ!"

"போகாட்டி ஆர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறது? உதிலை கறுப்பு நத்தையள் தெரியுதே? எத்தினை வருசமாப் பாக்கிறன், அதுகள் இருக்கிற இடம் ஒருநாளும் முழுகாது."

சொல்லிவிட்டு ஓடினார். நத்தைகள் பக்கத்துக் கல்லில், உட்கார்ந்திருந்த என் கழுத்துக்கு நேரே ஒட்டியிருந்தன. தண்ணீர் வயிற்றை மூடியது. நெஞ்சுக்கு ஏறியது. நான் கடவுளைக்கூடக் கூப்பிடவில்லை, நத்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அலை முகத்தில் அடித்து வாயெல்லாம் உப்பு. கண்ணைத் திறந்தால், அதுகள் ஈரம் பட்டதோடு சரி. "அசைஞ்சிடாதேங்கோடி" என்று கெஞ்சினேன்.

ரீச்சருக்குப் பின்னால், கல்லுடைக்கும் இரும்பு அலவாங்கோடு இரண்டு பேர் ஓடிவந்தார்கள். "எதிலை இடிக்கிறது?"

வெடிப்பின் ஓரம், தண்ணீருக்கடியில், மஞ்சள் கட்டம். ரீச்சர் தண்ணீருக்குள் கைவிட்டு அதைத் தொட்டார்.

"அதிலைதான். இடியுங்கோ அண்ணை."

கட்டம் உடைந்தது. கால் வந்தது.

அடுத்த மாதம் ரீச்சர் வேறு கல்லில் முதலிலிருந்து கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை. அவர்தான் நிமிர்ந்து கேட்டார்: "என்ன, இன்னும் முழுகாமலோ?"

மூத்தவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவள் வாய் ஓயாமல் என்னோடு சண்டை பிடிக்கும்போதெல்லாம், ஒருத்தி வருஷக்கணக்காகப் பார்த்துவந்த கட்டத்தை உடைத்துத்தான் இந்தச் சத்தம் எனக்குக் கிடைத்தது என்று நினைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.