மரத்தடி மனுக்காரனும் செல்வியின் போனும்

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குத் திங்கட்கிழமைதான் தீபாவளி. அன்றைக்குத்தான் அரியலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் இருபத்திரண்டு வருஷமாக நான். செயற்கை நுண்ணறிவு உங்கள் பிழைப்பிலும் மூக்கை நுழைத்திருக்கிறதா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சிதான், பக்கத்தில் உட்காருங்கள்.

டீ ஆறுவதற்குள்

கீழப்பழுவூர் செல்வி என் பழைய வாடிக்கை. அவருடைய நிலத்தின் பட்டாவில் பக்கத்து வயல்காரர் பெயர் ஏறிவிட்டது. யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாருக்கு எழுதணும்?" பாதிப் பேருக்குத் தெரியாது. எந்தக் குறைக்கு எந்த அதிகாரி என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழிலின் உயிர்நாடி.

செல்வியோ போனை எடுத்து, நடந்ததை அதிலிருந்த செயற்கை நுண்ணறிவிடம் சொன்னார். என் டீ ஆறுவதற்குள் மனு வந்துவிட்டது. பொருள், பார்வை, சர்வே எண் எல்லாம் அதனதன் இடத்தில். போதாக்குறைக்கு, இது கலெக்டருக்கு அல்ல, கோட்டாட்சியருக்குப் போக வேண்டியது என்று வேறு சொன்னது. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு அது பிடிபட ஆறு வருஷம் ஆனது. பொறாமைகூட வரவில்லை, மெய்சிலிர்த்துப் போனேன். செல்விதான் ஆறுதல் சொன்னார்: "நீங்க எழுதுற மாதிரியேதான் இருக்குங்க சார். என்ன, எழுத்து புரியுது."

ஒரே ஆள்

அடுத்தடுத்த வாரங்களில் மரத்தடியில் கூட்டம் குறைந்தது. மனுக்களைப் பதிவு செய்யும் கிளார்க்கிடம் போய்ப் புலம்பினேன். "போன் எழுதுற மனு எல்லாம் ஒரே அச்சா இருக்குமே, உயிரே இருக்காதே" என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் மனுக்கட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமாண்ணே, எல்லாம் ஒரே ஆள் எழுதுன மாதிரிதான் இருக்கு. முன்னாடியும் அப்படித்தாண்ணே இருந்துச்சு. அந்த ஆளு நீங்க."

என் மனு

போன திங்கட்கிழமை மதியம் வரை ஒருவரும் வரவில்லை. பயமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேறென்ன தொழில் தெரியும்? என் போனிலும் அதைத் திறந்து, செல்வியைப் போலவே மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். வந்து விழுந்தது பாருங்கள் ஒரு மனு! "பிறர் துயரை எழுதிப் பழகிய கை, தன் துயரை எழுதத் தயங்குகிறது" என்று அதில் ஒரு வரி. எத்தனையோ பேருடைய கண்ணீரை எழுதியவன், எனக்கே கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு வரி என் பேனாவில் வந்ததே இல்லை.

அந்நேரம் பார்த்து, பட்டா திருத்தம் ஆன சந்தோஷத்தில் செல்வி வந்தார். படித்துக் காட்டினேன். அவரும் அசந்துபோனார். போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தவர், 'பெறுநர்' என்று இருந்த இடத்தில் விரலை நிறுத்தினார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. "எல்லாம் சரிதாங்க சார். இத யாருக்கு எழுதணும்?"

எந்தக் குறைக்கு எந்த அதிகாரி என்று இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே சொன்னவன், அந்த ஒரு இடத்தை நிரப்பத் தெரியாமல் இன்னும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.