நெற்றியில் விட்ட வெள்ளை

வண்ணத் தட்டும் கையுமாகப் பால்கனியில் நின்று வானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் பொன்னி. "வெறும் பொகைன்னு நெனைக்கீங்க. அந்தச் சாம்பலுக்குள்ள ஒரு ரோஸ் ஒளிஞ்சு கெடக்கு, நல்லாப் பாருங்க" என்றாள், காபி கொண்டுவந்த கணவர் ராஜவேலிடம். தில்லி துவாரகாவின் மார்கழிக் காலையில் எதிர் பிளாக்கே தெரியவில்லை, இதில் ரோஸாம். விமானப்படையில் இருந்த காலமெல்லாம் வானத்தையே பார்த்தவர் அவர். இருந்தாலும் பார்த்தார். சற்று நேரத்தில் அந்த ரோஸ் தெரிந்தது. அடேயப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இப்படிச் சொல்லிக்கொள்ளாத வாரமே கிடையாது.

கோவில்பட்டிக்காரி. வெளியே வரையக் கிளம்பிவிட்டால் வெயிலாவது குளிராவது. சரோஜினி நகர் சந்தை நடுவே நின்று பிளாஸ்டிக் கூரைகளை வரைவாள். கூட்டம் மொய்க்கும். "பையா, தோடா ஹட்கே" என்று தலை நிமிராமலே விரட்டுவாள். முனிர்கா சந்துகளில் மின்கம்பிமேல் விழும் ஒரு துண்டு வெளிச்சத்துக்காகச் சோறு தண்ணி இல்லாமல் காத்துக் கிடப்பாள். பெட்டி தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறுவது ராஜவேல். "ஒனக்கு எடுபிடி வேல பாக்கதுக்குப் பட்டாளமே தேவல" என்பார். ஒரு நாள் கூப்பிடாமல் போனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதும் அவர்தான்.

தன் படம் கேட்டு வருகிறவர்களை அவள் சும்மா உட்கார விடமாட்டாள். "சும்மா உக்காந்தா மூஞ்சி பூட்டிக்கிடும்" என்பாள். கீரை ஆயலாம், துணி மடிக்கலாம், ஏதாவது வேலை செய்தாக வேண்டும். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே படமானார். மூன்றாவது மாடி ஜலஜா மாமி விளக்குத் திரி திரித்தபடி உட்கார்ந்தார்.

அந்தப் படத்தில்தான் வந்தது வினை. படம் கேட்டவன் மாமியின் மகன் கௌஷிக். "ஆன்ட்டி, அப்பா இருந்தப்போ அம்மா எப்டி இருந்தாளோ, வைஸே ஹீ, அப்டியே வேணும். பெரிய பிந்தி. அது இல்லேன்னா எக்ஸிபிஷன்ல மாட்டாதீங்க, ப்ளீஸ். எல்லாரும் அம்மாவ வெறும் நெத்தியோட பாக்கறது எனக்குப் பிடிக்கல." அம்மாமேல் உயிரையே வைத்திருப்பவன். மாமியோ கணவர் போனதிலிருந்து நெற்றிக்கு இட்டுக்கொள்வதில்லை. மகன் பேசப் பேசத் திரி அவர் விரலில் பிசகியது.

மண்டி ஹவுஸ் பக்கத்து அரங்கில் பொன்னி முதன்முதலாகத் தனியே வைக்கும் கண்காட்சி அது. நடுச்சுவர் முழுக்க அந்த ஒரு படத்துக்காக விட்டிருந்தாள். அது இல்லாவிட்டால் சுவர் மூளியாக நிற்கும். "ஒரு பொட்டுதான, வச்சுட்டுப் போயேன்" என்று ராஜவேல் முனகினார்.

"அது என் நெத்தியாங்க?"

முகம் முழுவதும் முடித்தாள். நெற்றி நடுவில் மட்டும் கேன்வாஸின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டாள்.

கண்காட்சி திறக்கும் நாளன்று, ஆட்கள் வருவதற்கு முன்பே மகனுடன் வந்துவிட்டார் மாமி. படத்தின்முன் வெகுநேரம் நின்றார். திரி திரித்துக்கொண்டே யாருக்கோ பதில் சொல்லப் போகிறவள்போல ஒருத்தி அதில் இருந்தாள். பின்னால் அந்தச் சாம்பல் வானம், உள்ளே ரோஸ்.

"நானா இது? இத்தனை தெம்பாவா இருக்கேன்?"

"ஆன்ட்டி, பிந்தி எங்கே?" என்றான் கௌஷிக்.

பொன்னி தட்டில் இரண்டு வண்ணத்தைப் பிதுக்கிக் குழைத்து மாமிக்கு முன்னால் நீட்டினாள். "செவப்பும் இருக்கு, ஒங்க நெத்தி நெறமும் இருக்கு மாமி. எது வேணுமோ நீங்களே வைங்க."

"எனக்கு வரையத் தெரியாதேம்மா. தப்பாயிடுத்துன்னா?"

"ஒங்க நெத்தியில நீங்க வைக்கதுல தப்பு ஏது?"

இத்தனை வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்தியும் இப்படி ஒன்று செய்வாளென்று ராஜவேலுக்குத் தோன்றவே இல்லை. மாமி தூரிகையைத் தொடவில்லை. இரண்டு வண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மோதிர விரலைச் சிவப்பில் தொட்டு, படத்தின் நெற்றியில் அழுத்தி வைத்தார். சுவாமி படத்துக்கு இட்ட கை மிச்சத்தைத் தன் நெற்றிக்குக் கொண்டுபோகுமே, அப்படியே அந்த விரல் தானாக மேலே போய் அவர் நெற்றியிலும் பதிந்துவிட்டது.

"அம்மா, அது பெயிண்ட்" என்று கௌஷிக் பதறிக் கைக்குட்டையை நீட்டினான்.

பொன்னி அவன் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள்.