கீரைக்காரரின் தண்ணீர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் வைத்த பட்டப்பெயர் 'தண்ணி வண்டி'. கேட்டவர்கள் எல்லாம் அவரைக் குடிகாரர் என்று நினைத்துக்கொண்டார்கள். பாவம், மனுஷன் ஆயுசில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. பச்சைத் தண்ணீரைத்தான் அப்படிக் குடிப்பார். செம்பை உயரத் தூக்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று ஒரே மூச்சில் உள்ளே இறக்குவார். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தால் நமக்கும் தாகம் எடுக்கும்.

"மாப்பிள்ளை, கிணத்துல கொஞ்சம் மிச்சம் வைங்க. கீரைக்கு வேணும்" என்பேன்.

"கீரையை நான் பார்த்துக்கறேன் மச்சான். நீங்க உங்க ஆட்டோவைப் பாருங்க" என்பார்.

தெருவில் அவருக்குக் கீரைக்காரர் என்றுதான் பெயர். மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மதிலுக்குப் பின்னால் குத்தகைக்கு எடுத்த துண்டு நிலம். ஒரு கிணறு, ஒரு மோட்டார், வரிசையாகப் பாத்திகள், ஓரத்தில் ஓட்டு வீடு. விடியும்போது கீரையைப் பறித்துக் கட்டுக்கட்டி சைக்கிளில் கிளம்பிவிடுவார். "இளசா இருக்கா?" என்று யாராவது கேட்டால், "நேத்து எங்க வீட்டுல இதேதாம்மா" என்பார். அது வியாபாரப் பேச்சு இல்லை, சத்தியமான உண்மை. பறிக்கும்போதே நாலு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். கடைசிப் பாத்திக் கீரை மட்டும் லேசாகத் துவர்க்கும், அங்கே மண் வேறு என்பார். எனக்கு எல்லாக் கீரையும் ஒன்றுதான். சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவருக்கு ஒரு நியாயம், கீரைக்கு ஒரு நியாயம். பாத்திக்கு அளந்துதான் விடுவார். மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் நிற்பார். மண் நனைந்து கறுத்ததும் மடையை அடைத்துத் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்புவார்.

"பாவம் பார்த்து அதிகமா விட்டா வேர் அழுகிடும் மச்சான். போதும்னு சொல்ல அதுக்கு வாய் இல்லை. பக்கத்துல ஒரு ஆள் வேணும்" என்பார்.

கால் வீங்க ஆரம்பித்தபோது, உட்கார்ந்து சாப்பிட்டு உடம்பு போடுகிறார் என்று கேலி செய்தோம். எங்கள் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது. கடைசியில் ஆஸ்பத்திரியில் போய் நின்றபோது, சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்றார்கள். இனி மெஷினில் போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் ஆட்டோவில்தான் போனார்கள் இருவரும்.

முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார், கீரை கூடாது என்று.

"நான் கீரைக்காரன் டாக்டர்" என்று சிரித்தார் இவர்.

"தாராளமா விக்கலாம். சாப்பிடக் கூடாது. அதுல இருக்கற சத்து உங்களுக்கு விஷம்."

கீரையைவிடப் பெரிய இடி தண்ணீர். குடிக்கிற தண்ணீர், தேநீர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். என் தங்கை காலையில் அதை நிரப்பி அலமாரியில் வைப்பாள். அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். காய்களைக்கூட நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் அவருக்குப் போடுவாள். வடித்த தண்ணீர் பாத்திக்குப் போகும். "நல்ல யோகம்தான் இந்தக் கீரைக்கு. சாறு அதுக்கு, சக்கை எனக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்.

அவர் சாப்பிட முடியாததைத் தான் சாப்பிடுவதா என்று தங்கை வீட்டில் கீரை சமைப்பதையே நிறுத்தினாள். அன்றைக்குத்தான் அவர் அவளிடம் கோபப்பட்டதை முதன்முதலில் பார்த்தேன்.

"நம்ம வீட்டுல திங்காததை ஊருக்கு எப்படி விக்கறது? நீ சாப்பிடு. என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிடு."

அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குன்னா? துவர்க்குதா? வாயில கரையுதா?"

"கரையுதுங்க" என்றாள். கண்ணீர் தட்டில் விழுந்தது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் தெருமுனையில் ஒரு அம்மா இளசா என்று கேட்கிறார். இவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "நேத்து எங்க வீட்டுல சாப்பிட்டாங்கம்மா. வாயில கரைஞ்சுதாம்" என்கிறார். நான் ஆட்டோவில் சவாரியோடு நின்றிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அந்தக் கோடையில் ஒரு நாள் ஆஸ்பத்திரி எடை மெஷின் அவரைக் காட்டிக்கொடுத்தது. நர்ஸ் என் தங்கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு ஏறியிருக்கு! நுரையீரல்ல தண்ணி சேர்ந்தா ஆளே போயிடுவாரும்மா. வீட்ல நீங்க என்னதான் பார்க்கறீங்க?"

"அந்தப் பாட்டிலைத் தவிர ஒரு சொட்டு கொடுக்கலைங்க. சத்தியமா கொடுக்கலை" என்று அவள் எல்லார் முன்னாலும் அழுதாள்.

திரும்பும்போது ஆட்டோவில், பாதி வழியில் அவரே வாயைத் திறந்தார். "மடை திருப்பும்போது... கையில அள்ளி ஒரு வாய். தண்ணி காலுக்குக் கீழேயே ஓடுது, என்னால முடியலைம்மா."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து மண்வெட்டி அவள் கைக்கு வந்தது. அவருக்கு வீட்டு வாசலில் ஒரு ஸ்டூல். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், கிட்டப் போகக் கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். அவர் குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே நின்று, "வாய்க்குள்ள போகக் கூடாதுங்க" என்பாள். தெருவில் பேச ஆரம்பித்தார்கள். "கட்டின புருஷனுக்குப் பச்சைத் தண்ணி கொடுக்காத மகராசி" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ஆட்டோவை நிறுத்தி இறங்கி, நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளும்படி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அவரிடம் சொன்னேன். "விடுங்க மச்சான்" என்றார். "போதும்னு சொல்ல எனக்கும் ஒரு ஆள் கிடைச்சிருக்கு. அவங்களுக்கு என்ன தெரியும்?"

கடைசி நாளும் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள்தான். காலையிலேயே வெயில் சுட்டது. நான் போனபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. வெக்கை தாங்காமல் காலையிலேயே பாட்டிலைக் காலி செய்திருந்தார்.

"ஏம்மா, ஒரு வாய்."

"மெஷின்ல போட்டதும் கேட்டு வாங்கித் தரேங்க."

"ஒரே ஒரு வாய்மா."

என் தங்கை என்னைப் பார்த்தாள். உள்ளே போய்ச் செம்பில் கொஞ்சம் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் ஊற்றினாள். "கொப்பளிச்சுத் துப்பிடுங்க. முழுங்கிடாதீங்க."

வாயில் விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அசையவில்லை. எழுந்து போய், பக்கத்துப் பாத்தியில் துப்பினார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அவளிடம் வாயைத் திறந்து காட்டினார்.

"பாரு, துப்பிட்டேன்."

ஆட்டோவில் பாதி வழியில் அவள் தோளில் தலை சாய்ந்தது. தூங்குகிறார் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் எழுப்பினோம். எழுந்திருக்கவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். "நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்கம்மா. நீங்க இல்லைன்னா அவர் இவ்வளவு காலம் இருந்திருக்க மாட்டார்." நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. "துப்ப வெச்சு அனுப்பினேனே, துப்ப வெச்சு அனுப்பினேனே" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனார்கள். நானும் வயிற்றுப்பாட்டைப் பார்க்க ஆட்டோவை எடுத்தேன். தோட்ட வேலை இருக்கிறது, அதில் கொஞ்சம் மனசு மாறும் என்று நம்பினேன். சில நாள் கழித்துத் தெருமுனையில் அந்த அம்மா, "என்னப்பா, உங்க வீட்டுக் கீரை வர்றதே இல்லை?" என்று கேட்டார். ஆட்டோவை நேராகத் தோட்டத்துக்கு விட்டேன்.

மதிலுக்கு வெளியே பாதையெல்லாம் சேறு. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மடைகூட அடைக்கவில்லை, எல்லாப் பாத்தியிலும் தண்ணீர் தளும்பி நின்றது. கீரை மஞ்சளாகிப் படுத்துக் கிடந்தது. அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. நடுவில் என் தங்கை, முழங்கால் வரை சேறு, கையில் மண்வெட்டியோடு சும்மா நின்றிருந்தாள்.

"ஏய், உனக்கென்ன பைத்தியமா? எல்லாம் அழுகிப் போச்சு, பாரு!" என்று கத்திக்கொண்டே ஓடி மோட்டாரை நிறுத்தினேன். "கட்டிக் காத்த மனுஷன் பார்த்தா என்ன சொல்லுவாரு? போதும்னு நிறுத்தத் தெரியாதா உனக்கு?"

"தெரியும்ணே" என்றாள். "அடைக்கலாம்னு மண்வெட்டியை எடுத்துக்கிட்டுத்தான் வரேன். இதுங்களைப் பார்த்ததும் போதும்னு சொல்ல வாய் வரலை. குடிக்கட்டும்ணே."

அவள் குனிந்து பாத்தியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளினாள். கலங்கல் தண்ணீர். அதை என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

"அவர் கேட்டது இவ்வளவுதாண்ணே. இவ்வளவுதான்."

விரல் சந்தில் தண்ணீர் ஒழுகித் தீர்ந்தது. அவள் நீட்டிய கையை மடக்கவே இல்லை. நான் திரும்பிப் போய் மோட்டாரை மறுபடியும் போட்டேன்.